படுகளம்: விழுந்தவரைப் பெயர் சொல்லி எழுப்புதல்



போரில் மாண்ட முன்னோரை வழிவந்தவர்கள் எப்படி நினைக்க வேண்டும் என்று சத்தியமங்கலத்தில் பேச அழைத்திருக்கிறீர்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதற்கென்று சங்கங்கள் இருக்கின்றன. பழைய சீருடை தைத்து, பழைய துப்பாக்கி ஏந்தி, பாட்டன் நின்ற களத்திலேயே அணிவகுத்து, அந்தப் போரை மறுபடி நிகழ்த்திக் காட்டுகிறார்கள். 2015இல் வாட்டர்லூ போரின் இருநூறாம் ஆண்டுக்கு அப்படி ஆயிரக்கணக்கானவர் திரண்டார்கள். அதைப் படிக்கும் நம் இளைஞர்கள், நம்மிடம் இப்படி ஒன்று இல்லையே என்று ஏங்குகிறார்கள். நம்மிடம் உண்டு. கொங்கு நாட்டில் அதற்குப் படுகளம் என்று பெயர்.

அண்ணன்மார் கதை தெரியாத கொங்கு வீடு குறைவு. பொன்னரும் சங்கரும் மாண்ட கதையை உடுக்கை அடித்து இரவிரவாகப் பாடும் மரபு இன்றும் இருக்கிறது. மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கேயம் வட்டாரத்தில் அதை முழுமையாக ஒலிப்பதிவு செய்தார். கவிஞர் சக்திக்கனல் அண்ணன்மார் சுவாமி கதையைப் பதிப்பித்தார். மணப்பாறைக்குப் பக்கத்தில் வீரப்பூரில் மாசி மாதம் நடக்கும் திருவிழாவுக்குக் கொங்கு முழுவதிலிருந்தும் சனம் போகிறது. பாட்டு சாவுக் கட்டத்தை எட்டியதும் அருள் வந்தவர்கள் களத்தில் விழுகிறார்கள். விழுந்தவர்களை வரிசையாகக் கிடத்தித் துணி போர்த்துகிறார்கள். சுற்றிலும் சொந்தபந்தம் அழுகிறது. பிறகு தங்காள் வருகிறாள். அண்ணன்மாரைத் தேடிக் காடெல்லாம் அலைந்த அந்தத் தங்கையின் கையால் தீர்த்தம் தெளிக்க, விழுந்தவர்கள் ஒவ்வொருவராக எழுகிறார்கள்.

இதில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். வாட்டர்லூவில் நடந்தது படைக்காட்சி. பீரங்கி எப்படி முழங்கியது, குதிரைப்படை எந்தப் பக்கம் பாய்ந்தது என்று பார்ப்பவர் தெரிந்துகொள்வார். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. படுகளத்திலோ சண்டை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. நேரமெல்லாம் விழுந்தவர்களுக்கும் அழுபவர்களுக்கும்தான். யார் வென்றார் என்பதைவிட யார் விழுந்தார், அவரை எழுப்ப யார் வந்தார் என்பதே அங்கே பெரிது. அண்ணன்மார் மட்டும் அங்கே நினைக்கப்படுவதில்லை. அவர்களுக்காகப் போரிட்ட சாம்புவனுக்கும் அந்தக் கதையிலும் வழிபாட்டிலும் இடம் உண்டு. நிலம் ஆண்டவனையும் அவனுக்காகப் போரிட்ட பறையர் வீரனையும் ஒரே களத்தில் வைத்து அழத் தெரிந்த மரபு இது.

இதற்கும் மூத்தது நடுகல். கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை அதன் படிநிலைகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. தருமபுரி, செங்கம் பகுதி நடுகற்களைப் பாருங்கள்: எந்த அரசனின் எந்த ஆட்சியாண்டு, எந்த ஊர்த் தொறு, அதாவது மாட்டு மந்தை, அதை மீட்டுப்பட்டவன் பெயர் என்ன என்று வெட்டியிருப்பார்கள். மாடு மீட்கப் போய் மாண்ட சாதாரண மனிதனுக்கு அரசன் பெயரோடு சேர்த்துத் தன் பெயரும் கல்லில் கிடைத்தது.

இப்போது நம் சத்தியமங்கலத்துக்கு வருகிறேன். 1790 செப்டம்பர் 13, 14. மூன்றாம் மைசூர்ப் போர். கிழக்கிந்தியக் கும்பெனிப் படைக்குத் தலைவரான மெடோஸ் கோயம்புத்தூரில் இருந்தார். கர்னல் ஃபிளாய்டு ஒரு படையோடு இங்கே பவானிக் கரையில் நின்றார். திப்பு சுல்தான் கஜலஹட்டிக் கணவாய் வழியாகப் பெரும்படையோடு இறங்கி ஆற்றைக் கடந்தார். அன்று முழுவதும் குதிரைப்படை மோதலும் பீரங்கி அடியும் ஓயவில்லை. மறுநாள் ஃபிளாய்டு பீரங்கிகள் சிலவற்றை விட்டுவிட்டுத் தெற்கே பின்வாங்கினார். திப்பு துரத்தினார். சேவூரில் மறுபடி கடும் சண்டை. திப்புவின் மைத்துனர் புர்ஹானுத்தீன் அங்கேதான் விழுந்தார்.

அந்த இரண்டு நாளும் அடி தாங்கி நின்றவர்களில் பெரும்பகுதி சென்னைப் படையின் சிப்பாய்கள். தமிழரும் தெலுங்கரும் இந்துவும் முஸ்லிமும் கலந்த படை அது. இழப்புக்காக ஃபிளாய்டு வருந்தியபோது, கும்பெனியின் உப்பைத் தின்றவர்கள் நாங்கள், இதைப் பெரிதாக எண்ண மாட்டோம் என்ற பொருளில் அவர்களின் சுதேசி அதிகாரிகள் பதில் சொன்னதாக மார்க் வில்க்ஸ் தம் மைசூர் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவர்களில் ஒருவருடைய பெயரையாவது இந்தச் சத்தியில் யாராவது சொல்ல முடியுமா? எதிரே திப்புவின் கொடியின் கீழ் மாண்டவர்கள் பெயர்? ஃபிளாய்டு பெயர் தெரியும், திப்பு பெயர் தெரியும். கணவாய் இன்று புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. களம் வயலாகவும் தோட்டமாகவும் இருக்கிறது. அங்கே விழுந்தவர்கள் யார் என்று கேட்க வருபவர் யாரும் இல்லை.

அந்நியனுக்காகச் சண்டை போட்டவனை எதற்கு நினைக்க வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நம் பக்கத்திலேயே கும்பெனியை எதிர்த்து நின்றவர் தீரன் சின்னமலை. 1801இல் காவிரிக் கரையிலும் 1802இல் ஓடாநிலையிலும் 1804இல் அரச்சலூரிலும் போரிட்டு, 1805இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டவர். ஆடிப்பதினெட்டு அன்று சங்ககிரியிலும் ஓடாநிலையிலும் கூடும் கூட்டத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2005 ஜூலை 31இல் அவருக்கு அஞ்சல் தலை வந்தது. அந்தப் பெருமை அவருக்கு உரியதே. சிப்பாயை வணங்கினால் சின்னமலையின் மதிப்பு குறைந்துவிடும் என்று நான் நம்பவில்லை. பஞ்சத்துக்கும் கடனுக்கும் பயந்து கூலிக்குப் போய் மாண்டவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளை. அவன் போரைப் போற்ற வேண்டாம். அவன் சாவை மறக்காமல் இருக்கலாம்.

எனக்குள்ள கவலை வேறு. சின்னமலையின் படையில் அருந்ததியரான பொல்லான் இருந்தார். செருப்புக்குள் ஒளித்துச் செய்தி கொண்டுவந்து கொடுத்தவர் என்று மக்கள் வழக்கு சொல்கிறது. அவருக்கு அரச்சலூர் அருகே அரசு நினைவரங்கம் அமைய அவர் வழிவந்த மக்கள் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. ஒரே போரில் நின்றவர்கள். ஒருவருக்கு ஒரு சாதி மாலை போடுகிறது, மற்றவருக்கு இன்னொரு சாதி மாலை போடுகிறது. இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்ப்பது அரிது. சாம்புவனை அண்ணன்மாரோடு வைத்துக் கும்பிட்ட நாட்டில் இது நடக்கிறது. இதை வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

இந்தக் கோணல் நமக்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டாம். அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் களத்தில் 1913இல் ஐம்பதாம் ஆண்டு விழா நடந்தது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கிழவர்கள், எதிரெதிராகச் சுட்டுக்கொண்டவர்கள், மதில் சுவருக்கு இரு புறமும் நின்று கைகுலுக்கினார்கள். ஆனால் அந்தப் போரில் தங்கள் விடுதலைக்காகவே ஆயுதம் எடுத்த கறுப்பின வீரர்களுக்கு அந்தக் கைகுலுக்கலில் ஏறக்குறைய இடமே இல்லை.

மகாராட்டிரத்தின் பீமா கோரேகாவ் இன்னொரு பாடம். 1818 ஜனவரி 1 அன்று கும்பெனிப் படையில் நின்று பேஷ்வா படையோடு மோதி மாண்டவர்களின் பெயர்களை அங்குள்ள தூணில் வெட்டிவைத்தார்கள். மகர் சாதிச் சிப்பாய்களின் பெயர்களும் அதில் இருந்தன. அந்தப் பெயர்களைத் தேடி அவர்கள் வழிவந்த மக்கள் வந்தார்கள். 1927 ஜனவரி 1இல் அம்பேத்கர் வந்தார். இன்று இலட்சக்கணக்கில் வருகிறார்கள். தூண் எழுப்பியவன் தன் வெற்றிக்காக எழுப்பினான். ஆனால் பெயர் இருந்ததால் பேரன்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

பெயர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. முதல் உலகப்போருக்குப் பிறகு, இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று வெள்ளை அரசு ஊருக்கு ஊர் கல் பதித்தது. தமிழ்நாட்டிலும் அப்படிக் கற்கள் உண்டு. எண் இருக்கும், பெயர் இருக்காது. ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுக்கு முன் மாடு மீட்டவனுக்குக் கிடைத்தது, மெசபடோமியாவில் மாண்டவனுக்குச் சொந்த ஊரில் கிடைக்கவில்லை.

ஆகவே நம் இளைஞர்களிடம் ஒன்று கேட்கிறேன். சீருடை தைப்பதும் வாள் செய்வதும் பிறகு ஆகட்டும். முதலில் பெயர்களைச் சேருங்கள். பலர் வீட்டில் தாத்தாவின் மெடல் பெட்டியில் கிடக்கும். முதல் உலகப்போர்ப் பதக்கமாக இருந்தால் வட்ட விளிம்பைத் திருப்பிப் பாருங்கள்: படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருப்பார்கள். வெள்ளி விலை ஏறியிருக்கிறது என்று அதை உருக்கக் கொடுத்துவிடாதீர்கள். டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தால் நகல் எடுத்து வையுங்கள். வெளிநாட்டில் மாண்டவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் தேடலாம். டெல்லி இந்தியா கேட்டில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. 1758இல் தொடங்கிய பழைமை கொண்ட மெட்ராஸ் ரெஜிமென்டின் மையம் நீலகிரி மலைக்கு மேலே வெலிங்டனில்தான் இருக்கிறது. விடுதலைக்குப் பிந்தைய வீரர்களுக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தைக் கேளுங்கள். ஆவணம் இல்லாத வீடுகளில் பாட்டிமார் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். எந்தத் தெரு, எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்த்து வாசல் ஏறாதீர்கள்.

இந்த ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். செப்டம்பர் 13ஆம் நாள் பவானிக் கரையில் 1790இல் விழுந்த இரு தரப்புச் சிப்பாய்களுக்காகவும் ஒரு கல் நடுங்கள். சேகரித்த பெயர்களை ஆண்டுதோறும் அந்த நாளில் உரக்கப் படியுங்கள். பெயர் கிடைக்காதவர்களுக்கு ஊர்ப் பெயரோ படைப்பிரிவோ கிடைத்தால் அதைப் படியுங்கள். அந்தக் கூட்டத்துக்குச் சின்னமலையின் ஓடாநிலையிலிருந்தும் பொல்லான் நினைவரங்கத்துக்குரிய ஜெயராமபுரத்திலிருந்தும் ஆட்களை அழையுங்கள். இரு ஊராரும் ஒரே வரிசையில் உட்காரட்டும். அதைத் தொடங்க அரசாணை எதுவும் வேண்டியதில்லை. இந்த மண்டபத்தில் இருப்பவர்களே போதும்.