நிலைபேறு: வீராம்பட்டினத்திலும் கணிப்பொறியிலும்



விடாமுயற்சி ஆளைச் சார்ந்தது. நிலைபேறு அவர் விட்டுச் செல்வதைச் சார்ந்தது. இரண்டும் இணைந்தே வரும் என்பது பொதுவான நம்பிக்கை. வீராம்பட்டினத்து வரலாறு வேறு சொல்கிறது.

லெ ழாந்தி என்னும் பிரெஞ்சு வானியலார், சூரியனை வெள்ளி கடக்கும் காட்சியைப் புதுச்சேரியில் அளக்கப் புறப்பட்டார். 1761இல் அவர் வருமுன்னே நகர் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆடும் கப்பலிலிருந்து அளவெடுக்க இயலவில்லை. எட்டாண்டுகள் காத்திருந்து, புதுச்சேரியிலேயே ஆய்வுக்கூடமும் அமைத்தார். 1769 ஜூன் 4 காலையில் மேகம் மூடிக்கொண்டது! 1771இல் நாடு திரும்பியபோது, உறவினர் அவரை இறந்தவராகவே கருதியிருந்தனர்.

அத்தகையவர், வீராம்பட்டினத்து ஆற்றங்கரையில் ஊரார் பழம்பெருஞ் செங்கற்களைப் பெயர்த்தெடுப்பதையும் குறித்து வைத்தார். தவம்போல் தேடியது கைகூடவில்லை. போகிற போக்கில் எழுதியது நின்றது. அக்கரையின் அரிக்கமேட்டில் 1945இல் வீலரும் பின்னர் கசாலும் அகழ்ந்தபோது, தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள் வெளிப்பட்டன. பானையில் பெயரைக் கீறியவர் ஈராயிரம் ஆண்டுகளையா கருதியிருப்பார்? பானை மாறிப் போகாதிருந்தால் போதும் என்றே எண்ணியிருப்பார்.

ஓடு மண்ணுக்குள் தானே கிடந்து நிலைத்தது. செங்கழுநீர் அம்மன் தேரோ அவ்வாறன்று. மரமும் வடமும் தேயும் பொருள்கள். பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்த வழக்கத்தைத் துணைநிலை ஆளுநர் தொடர்வதுபோல், கைமாறிக் கைமாறியே ஆடித் தேர் நிலைத்திருக்கிறது.

நிரல் ஓடி முடிந்த பின்னும் அதன் தரவு எஞ்சுவதையே கணிப்பொறியாளர் நிலைபேறு என்பர். மின்சாரம் நின்றால் தற்காலிக நினைவகம் வெறுமையாகும். வட்டில் எழுதியது எஞ்சும். எஞ்சினால் போதுமா? 1990களில் தமிழ் எழுத்துருக்கள் பலவும் தத்தம் குறிமுறையைக் கொண்டிருந்தன. ஒன்றில் அகரத்துக்குரிய எண் மற்றொன்றில் வேறோர் எழுத்துக்குரியது. எழுத்துரு தொலைந்தால், வட்டு நலமாயிருந்தும் கவிதை பொருளற்ற குறிகளாகவே தோன்றும். பிராமியும் ஒருகாலத்தில் படிப்பாரற்றுக் கிடந்ததுதான். ஆயினும் ஓட்டைக் கண்ணால் காணலாம். நெகிழ்வட்டைக் காணக் கருவி வேண்டும், அக்கருவியோ அரிதாகிவிட்டது. ஆக, கணிப்பொறிக் கோப்பு ஓட்டுக்கு உறவன்று, தேருக்கே உறவு.

2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. பழைய குறிமுறைகளை மாற்றும் மென்பொருள்களும் உள்ளன. அமர்ந்து மாற்றுவதற்குத்தான் ஆள் வேண்டும். மூத்த கவிஞர் இல்லங்களில் உறங்கும் வட்டுகளைப் பெற்று, எழுத்துருவின் பெயரை அவர்களிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளும் பணியை மன்றம் இவ்வாண்டே தொடங்கலாம். அப்பெயரை நினைவில் வைத்திருப்பவர் அவர்கள் மட்டுமே.