பக்கத்தில் இருப்பவரும் மருந்துதான்!

(புத்தாண்டுச் சிறப்புப் பட்டிமன்றம், நாகூர். தலைப்பு: ‘நல்வாழ்வுக்கான உறுதிமொழிகள் நிலைப்பது தனிமனித மன உறுதியாலா? உடனிருப்போர் துணையாலா?’ இதில் ‘உடனிருப்போர் துணையாலே’ என்ற அணியில் பேசியது.)

மாண்பமை நடுவர் அவர்களே! என்னை எந்த இடத்தில் மடக்கலாம் என்று குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! கடற்காற்றையும் பொருட்படுத்தாமல் திரண்டிருக்கிற நாகூர்ப் பெருமக்களே, தாய்மார்களே! கையில் முறுக்கை வைத்துக்கொண்டு, ‘நாளையிலிருந்து எண்ணெய்ப் பலகாரமே கிடையாது’ என்று சொல்லியபடி தொலைக்காட்சியில் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் அன்பர்களே!

இந்தத் தலைப்பைப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. தர்காவில் ஐந்து மினாராக்கள் நிற்கின்றன. அவற்றில் உயர்ந்தது 131 அடி பெரிய மினாரா. அதைக் கட்டிக்கொடுத்தவர் யார்? தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங். வழிபடுவது ஒருவர், உயர்த்திக் கொடுப்பது இன்னொருவர். துணை என்றால் என்ன என்பதை இந்த ஊர் கல்லிலேயே கட்டி வைத்திருக்கிறது. (கைதட்டல்)

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? “மனசு வைத்தால் மலையையும் பெயர்க்கலாம்” என்றார். பெயர்க்கலாம் ஐயா, மலையைப் பெயர்க்கலாம். சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த நாகூர் வாடாவை உங்கள் முன்னால் வைத்து, சுற்றி நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட்டால், அந்தத் தட்டிலிருந்து உங்கள் மனசைப் பெயர்க்க முடியுமா? (சிரிப்பு)

அடுத்து, இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரைச் சொன்னார். “1969-ல் கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையின் அரசு வேலையை உதறிவிட்டு வந்தாரே, அது தனிமனித மன உறுதி இல்லையா?” என்று கேட்டார். நல்ல கேள்வி. நம்ம தஞ்சாவூர் மாவட்டத்து இளங்காட்டில் பிறந்த அந்தப் பெரியவர், 2013 டிசம்பர் 30-ஆம் தேதி, புத்தாண்டு பிறக்க இரண்டே நாள் இருக்கும்போது, பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில் கண்மூடினார். மன உறுதிதான் காரணம் என்றால், அந்த உறுதி அன்றைக்கு அவரோடு போயிருக்க வேண்டும். போகவில்லையே! ஏன்?

அதற்கு விடை திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் இருக்கிறது. நெல் ஜெயராமன் அங்கே 2006-ல் நெல் திருவிழாவைத் தொடங்கினார். காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், குழியடிச்சான் என்று, காணாமல் போய்க்கொண்டிருந்த 160-க்கும் மேற்பட்ட நெல் ரகங்களைத் தேடித் தேடி மீட்டார். வருகிற விவசாயிக்கு இரண்டு கிலோ விதை. காசு வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை: அடுத்த ஆண்டு திருவிழாவுக்கு நாலு கிலோவாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

நடுவர் அவர்களே, இதுதான் உறுதிமொழி! ‘நான் இயற்கை விவசாயம் செய்வேன்’ என்று வீட்டுக்குள் உட்கார்ந்து டைரியில் எழுதினால், அது ஜனவரி மாத டைரியோடு முடிந்துவிடும். ‘உன் நாலு கிலோவுக்காக இன்னொரு விவசாயி அங்கே காத்திருக்கிறான்’ என்றால், மழை பொய்த்தாலும் மனசு பொய்க்காது. நெல் ஜெயராமன் 2018 டிசம்பரில் மறைந்தார். விதை மறையவில்லை. ஏனென்றால், அது ஒருவர் கையில் இல்லை, பல பேர் வயலில் இருந்தது. (பலத்த கைதட்டல்)

இந்த ஊர்க் கடைத்தெருவில் எனக்குத் தெரிந்த பாய் ஒருவர். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் சிகரெட்டை விடுவார். “சார், ஒண்ணாம் தேதி நான் சிகரெட்டை விட்டுட்டேன். ரெண்டாம் தேதி சிகரெட்டு என்னை விடமாட்டேங்குது” என்பார். அதே பாய் ரமலான் மாதத்தில், விடியலுக்கு முன்னாலிருந்து சூரியன் மறைகிற வரைக்கும், ஏறக்குறைய பதின்மூன்று மணி நேரம், சிகரெட் என்ன, சொட்டுத் தண்ணீர் தொடமாட்டார். “எப்படி பாய் முடியுது?” என்று கேட்டேன். “வீட்ல எல்லாரும் நோன்பு. தெருவுல எல்லாரும் நோன்பு. யார் முன்னால சார் பத்த வைக்கிறது?” என்றார். (சிரிப்பு)

நோன்பின் வேர் இறைநம்பிக்கை. அதில் நான் கை வைக்கமாட்டேன். ஆனால் அந்த வேருக்கு ஊரே தண்ணீர் ஊற்றுகிறது. சஹருக்கு ஒருவரை ஒருவர் எழுப்பிவிடுகிறார்கள். பள்ளிவாசலில் எல்லோருக்குமாகக் கஞ்சி காய்கிறது. நோன்பு பிடிக்காத வீட்டுப் பிள்ளையும் தூக்குவாளியோடு வந்து கஞ்சி வாங்கிப் போகிறது. முப்பது நாள் ஒரு மனிதன் தாக்குப்பிடிக்கிறான் என்றால், அவன் தனியாக நிற்கவில்லை என்று பொருள்.

“இதெல்லாம் கதை, கணக்குச் சொல்லுங்கள்” என்பார் அடுத்து வரும் பேச்சாளர். சொல்கிறேன். அமெரிக்காவில் பிராமிங்ஹாம் என்ற ஊரில் தொடங்கிய இதயநோய் ஆய்விலிருந்து 12,067 பேரின் 32 ஆண்டு விவரங்களை எடுத்துப் பார்த்தார்கள். 2007-ல் முடிவு வந்தது. ஒருவருடைய நண்பர் உடல் பருத்துவிட்டால், இவரும் பருத்துப்போகிற வாய்ப்பு 57 சதவீதம் கூடுகிறது! அப்படியானால் என் தொப்பை எனக்கு மட்டும் சொந்தமில்லை. கூட டீ குடிக்க வந்த நண்பர்கள் எல்லாரும் அதில் பங்காளிகள்! (சிரிப்பு, கைதட்டல்)

இந்தியாவில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் என்று 2023-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. பத்துக் கோடிப் பேருக்கும் மன உறுதி இல்லை என்று எதிரணி தீர்ப்பெழுதிவிடலாமா? அந்தப் பத்துக் கோடியில் இரண்டு பேர் என் வீட்டில் இருக்கிறோம். இதுவரை மேடையில் சொல்லாத ஒன்றை இன்றைக்குச் சொல்கிறேன்.

முதலில் வந்தது எனக்கு. மூன்று மாதச் சராசரி ஒன்பதைத் தாண்டிவிட்டது. ஜனவரி முதல் தேதி உறுதிமொழி எடுத்தேன்: ‘இனி இயற்கை உணவுதான்.’ மாப்பிள்ளைச் சம்பா பத்துக் கிலோ வாங்கி வந்து கூடத்தில் இறக்கினேன். அந்த அரிசி முதல்நாள் ராத்திரியே ஊற வேண்டும். வேகவும் நேரம் பிடிக்கும். அதுவும் சோறுதான், அளந்துதான் போட வேண்டும். இதெல்லாம் யாருக்குத் தெரியும்? உறுதிமொழி எடுத்தது நான், ஊறவைத்தது என் மனைவி! (சிரிப்பு)

மகள் சர்க்கரை டப்பாவை ஒளித்துவைத்தாள். மகன் காலையில் போர்வையை உருவி, “அப்பா, எழுந்திருங்க, நடக்கணும்” என்றான். கல்லூரியில் உடன் வேலை பார்ப்பவர்கள் எனக்குச் சர்க்கரை இல்லாத டீ சொன்னார்கள். ஆறு மாதத்தில் ஒன்பது ஏழானது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஊர் ஊராகப் போய், ‘எல்லாம் என் மன உறுதி’ என்று பேசினேன். அன்றைக்கு நான் எதிரணியில் இருந்தேன்!

மூன்று வருடம் கழித்து ஒருநாள், புளி ஜாடியை நகர்த்தினேன். பின்னால் மாத்திரை அட்டை. பெயரைப் பார்த்தால், நான் சாப்பிடுகிற அதே மாத்திரை. “என்னம்மா இது?” என்றேன். “ஒண்ணுமில்லைங்க. எனக்கும் கொஞ்சம் சர்க்கரை இருக்குதாம். ரெண்டு மாசமாச்சு” என்றாள். “ஏன் சொல்லலை?” “சொன்னா மறுபடியும் எல்லாரும் சிரமப்படுவீங்களே...”

எனக்கு வந்தபோது வீடே மாறியது. அவளுக்கு வந்தபோது, புளி ஜாடிக்குப் பின்னால் ஓர் அட்டை மட்டும் கூடியது. அவளும் தனியாக உறுதிமொழி எடுத்துத்தான் பார்த்திருக்கிறாள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சியதை வீணாக்கக் கூடாதே என்று தானே சாப்பிடுகிறவள், எப்படி அளந்து சாப்பிடுவாள்? “தினம் நடக்கிறீங்களாம்மா?” என்று டாக்டர் கேட்டபோது, “வீட்டுக்குள்ளயே நடந்துகிட்டுத்தான் இருக்கேன்” என்றாள். நான் தலை குனிந்தேன்.

நடுவர் அவர்களே, என்னைவிட அவளுக்கு மன உறுதி குறைவா? பத்து மடங்கு அதிகம்! முப்பது வருடம் என்னோடு குடித்தனம் நடத்துவதற்கு எவ்வளவு மன உறுதி வேண்டும்! (சிரிப்பு) அவளுக்குக் குறைந்தது உறுதி இல்லை. துணை. எனக்கு இருந்த துணை அவளுக்கு இல்லை.

நான் தமிழ் வாத்தியார். திருக்குறளில் ‘மருந்து’ என்ற அதிகாரத்தை வருடா வருடம் வகுப்பில் நடத்தியவன். அதில் மருத்துவர் வருவதே கடைசி மூன்று குறளில்தான். அதற்கு முன்னால் ஆறு குறளில் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுகிறார் வள்ளுவர். முடிக்கிற குறளில், மருத்துவத்துக்கு நான்கு பங்கு என்கிறார். நோயாளி ஒன்று, மருத்துவர் ஒன்று, மருந்து ஒன்று. நான்காவது? பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவர். மன உறுதி உள்ள நோயாளி நாலில் ஒரு பங்குதான் ஐயா! இந்த நான்காவது பங்கைத் தேர்வில் எழுதாத மாணவனுக்கு நான் மதிப்பெண் குறைத்திருக்கிறேன். என் வீட்டில் அதை நானே எழுதாமல் விட்டிருந்தேன். (நீண்ட கைதட்டல்)

இப்போது எங்கள் வீட்டில் ராத்திரி அரிசியைக் கழுவி ஊறப்போடுவது என் வேலை. காலையில் ஐந்தரை மணிக்கு இரண்டு பேரும் நடக்கப் போகிறோம். அவள் என்னைவிட வேகமாக நடக்கிறாள். பின்னால் ஓடுகிற எனக்கு மூச்சு வாங்குகிறது. ஒரே தட்டு அளவு, ஒரே குழம்பு, இரண்டு பேருக்கும். அவள் கணக்கும் இறங்கிக்கொண்டு வருகிறது.

மணியைத் தொடாதீர்கள் நடுவர் அவர்களே, முடித்துவிடுகிறேன். இந்தப் புத்தாண்டில், ‘நான் இளைப்பேன், நான் நடப்பேன்’ என்று உங்களுக்காக ஓர் உறுதிமொழி எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் அடுக்களைப் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேளுங்கள்: “நீ சாப்பிட்டியா? நீ மாத்திரை போட்டியா? நாளைக்கு நடக்க நானும் வரட்டுமா?” இரண்டு கிலோ விதை வாங்கியவர் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்றாரே நெல் ஜெயராமன், அதுதான் குடும்பத்துக்கும் கணக்கு. நமக்குக் கிடைத்த துணையை இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

நல்வாழ்வு உறுதிமொழியை எடுப்பது தனிமனிதனாக இருக்கலாம். அதை நிலைக்க வைப்பது உடனிருப்போர் துணையே, துணையே என்று கூறி, நல்ல தீர்ப்பை நடுவரிடம் வேண்டி, அமர்கிறேன்.