நடைவழி யாருக்காக?

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்தாண்டுகள் நிறைவுறும் இந்நன்னாளில் கல்வியைப் பற்றி உரையாற்றுமாறு எம்மைப் பணித்தனர். பள்ளிக் கட்டடம், விடுதி, உதவித்தொகை ஆகியன பற்றி எமக்கு முன் பேசிய பெரியோர்கள் விரிவாகவே கூறிவிட்டனர். ஆகவே யாம் வகுப்பறைக்கு வெளியே உள்ள கல்வியைப் பற்றிச் சிறிது பேச விழைகின்றோம். கடற்கரை, ஏரிக்கரை, மலைச்சாரல், பூங்கா, காட்டுவழி ஆகிய திறந்தவெளி இடங்களுக்கு மாற்றுத்திறனாளிகளும் சென்று வருமாறு நடைவழி அமைத்தல் எங்ஙனம் என்பதே எம் பொருள். இத்துணைச் சிறிய பொருளுக்கு ஓர் உரை வேண்டுமோ எனச் சிலர் ஐயுறக்கூடும். வழியுரிமை என்னும் சொல்லின் பொருளை இவ்வவையினர்க்கு யாம் விளக்க வேண்டுவதில்லை. ஆதலின் அவ்வையத்திற்கு விடை கூறாமலே மேலே செல்கின்றோம்.

2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்திய நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 2 கோடியே 68 இலட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் 11 இலட்சத்து 79 ஆயிரம் பேருக்கு மேல். இவர்களுள் எத்தனை பேரை நாம் கடற்கரையில் காண்கின்றோம்? எத்தனை பேரை மலைநகரங்களில் காண்கின்றோம்? அவர்கள் வராமையைக் கண்டு, வர விருப்பமில்லை என நாமே முடிவு கட்டிவிடுகின்றோம். வருவோர் இலர் என்பதனால் வழி அமைப்பதில்லை; வழி இல்லை என்பதனால் அவர்களும் வருவதில்லை.

பள்ளிகளில் ஆண்டுதோறும் கல்விச் சுற்றுலாவிற்குப் பெயர்ப்பட்டியல் எழுதப்படுவதை ஆசிரியர்கள் அறிவார்கள். அப்பட்டியலில் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையின் பெயர் பெரும்பாலும் இராது. எவரும் அதனை அடித்துவிடுவதில்லை, முதலிலேயே எழுதப்படுவதில்லை. பெற்றோரைக் கேட்டால், "இவனை எதற்கு ஐயா, உங்களுக்கு வீண் சிரமம்" என்பார்கள். பிள்ளையைக் கேட்பவர் மிகச் சிலர்.

சில ஆண்டுகளுக்கு முன் எம் பள்ளி மாணவர்களை மலைநகர் ஒன்றின் பூங்காவிற்கு அழைத்துச் சென்றோம். எட்டாம் வகுப்பில் பயின்ற, தசை வலுவற்ற மாணவன் ஒருவனும் தன் சக்கர நாற்காலியோடு உடன் வந்தான். பூங்காவினுள் வழியெல்லாம் தார் இட்டுச் சமமாகவே இருந்தது. ஆனால் நுழைவாயிலில், இருசக்கர வண்டிகள் உள்ளே புகாதிருத்தற்பொருட்டு இரும்புத் தூண்கள் நட்டிருந்தனர். தூணுக்கும் தூணுக்கும் இடையே இரண்டடிக்கும் குறைவான இடைவெளி. நாற்காலி புகவில்லை. "பையனைத் தூக்கிக்கொண்டு போய்விடலாமே" என்றார் வாயிற்காவலர். அவர் நல்ல மனத்தோடுதான் கூறினார். மாணவனோ, "தூக்க வேண்டாம் ஐயா, நான் இங்கேயே இருந்துகொள்கிறேன்" என்றான். பதின்மூன்று வயதுப் பிள்ளை, தோழர்கள் பார்த்திருக்கத் தன்னை ஒரு மூட்டைபோல் எடுத்துச் செல்வதை விரும்பவில்லை. வண்டிகள் செல்லும் பெரிய வாயிலின் சாவி வந்து சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. வாயில் திறந்த பின்னர்ப் பூங்காவின் பெரும்பகுதியைத் தானே சக்கரத்தை உருட்டிச் சுற்றி வந்தான். அவனை மலை தடுக்கவில்லை. நான்கு இரும்புத் தூண்கள் தடுத்தன.

நடைவழி என்பது சங்கிலியை ஒத்தது. ஒரு கல் தொலைவு செம்மையாக அமைத்து, இடையே ஒரே ஒரு படியை விட்டுவிட்டால், அவ்வழி அப்படியோடு முடிந்துவிடுகிறது. பேருந்து நிற்கும் இடத்திலிருந்து சீட்டு வாங்கும் சாளரம், வாயில், வழி, இளைப்பாறும் இருக்கை, கழிப்பறை வரை இடையறாது செல்ல முடிந்தால் மட்டுமே அது வழி. கழிப்பறை இல்லாத இடத்திற்குச் செல்லும் மாற்றுத்திறனாளிப் பெண்கள் காலை முதல் நீர் அருந்தாமலே புறப்படுகின்றனர் என்பதை இங்குள்ள தாய்மார்கள் சொல்லாமலே உணர்வார்கள்.

வழியின் இலக்கணத்தைச் சற்று நுணுகிப் பார்ப்போம். முதலாவது சாய்வு. ஓர் அடி உயரம் ஏறுவதற்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது சாய்தளத்திற்கு உலகெங்கும் வழங்கும் கணக்கு. அச்சாய்விலும் 30 அடிக்கு ஒருமுறை ஐந்தடிச் சமதளம் இருந்தால்தான் கை ஓய்வு பெறும். நெடுந்தொலைவு செல்லும் வழியாயின் 20 அடிக்கு ஓர் அடி என்னும் மென்சாய்வே ஏற்றது. நம் ஊர்க் கட்டடங்கள் பலவற்றில், மூன்று படிகளின் மேல் சிமெண்டைப் பூசிச் 'சாய்தளம்' எனப் பெயரிட்டிருப்பதைக் காண்கின்றோம். அதில் ஏறுவதற்குச் சக்கர நாற்காலி போதாது; சிறகும் வேண்டும்.

இரண்டாவது, பக்கச் சாய்வு. மழைநீர் வடிதற்கென வழியை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடுவார்கள். நடப்பவர்க்கு அது தெரிவதே இல்லை. சக்கர நாற்காலியோ பள்ளத்தை நோக்கியே இழுக்கும். நேரே செல்வதற்கு ஒரு கையே முழுப் பாரத்தையும் தள்ள வேண்டியிருக்கும். மூன்றாவது தரை. அது இறுகியதாயும் அசையாததாயும் இருத்தல் வேண்டும். தார் அல்லது சிமெண்டுதான் வேண்டும் என்பதில்லை. நன்கு கெட்டித்த கிராவல் மண்ணும் ஏற்றதே. ஆற்று மணலும் உதிரிச் சல்லியும் ஆகா. நாற்காலியின் முன்சக்கரங்கள் சிறியவை. மணலில் புதைந்து நின்றுவிடும்.

சக்கர நாற்காலியோடு பொருள் முடிந்துவிடவில்லை. பார்வையற்றவர் கைக்கோலால் தரையைத் தட்டி அறிகிறார். தலை உயரத்தில் நீண்டிருக்கும் மரக்கிளையைக் கோல் அறியாது. அவர்க்கு வேண்டுவது வெட்டிய கிளையும், வழியின் ஓரத்தில் கோலுக்குத் தட்டுப்படும் சிறு விளிம்புமே. செவிப்புலன் அற்றவர்க்குக் காவலரின் ஊதல் ஒலியால் பயன் இல்லை. கண்ணுக்குத் தெரியும் எச்சரிக்கைப் பலகை வேண்டும். ஊன்றுகோலுடன் வருவோர்க்குச் சாய்மானமும் கைப்பிடியும் உள்ள இருக்கை அடிக்கடி வேண்டும். இவற்றுள் பல, பெருஞ்செலவு கேட்பன அல்ல.

நம் மாநிலத்திலேயே நடந்த ஒன்றைக் கூறுவோம். சென்னை மெரினாக் கடற்கரையில் சாலைக்கும் அலைக்கும் இடையே அகன்ற மணற்பரப்பு உள்ளது. அதனைக் கடக்க இயலாமையால், அந்நகரிலேயே பிறந்து வளர்ந்தும் அலையில் கால் நனைக்காத மாற்றுத்திறனாளிகள் இருந்தனர். அவர்களும் அவர்தம் அமைப்பினரும் தொடர்ந்து வேண்டியதன் பயனாக, சில ஆண்டுகள் திசம்பர் மாதத்தை ஒட்டிச் சில நாள்களுக்கு மட்டும் தற்காலிக வழி இடப்பட்டது. ஆண்டின் மற்ற நாள்களில் கடல் அவர்களுக்கு இல்லை என்பதே அதன் பொருள். பின்னர் 2022 நவம்பர் 27 அன்று நிலையான மரவழி திறக்கப்பட்டது. நீளம் 263 மீட்டர். அகலம் 3 மீட்டர். செலவு ஏறத்தாழ 1 கோடியே 14 இலட்சம் ரூபாய். இரு பக்கமும் கைப்பிடிகள் அமைந்த அவ்வழியே முதன்முறையாக அலையருகே சென்றவர்களுள் நரை எய்தியவர்களும் இருந்தனர்.

இரு வாரங்கள்கூட ஆகவில்லை. திசம்பர் 9 ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் கரை கடந்தது. கடல்நீர் புகுந்து அவ்வழியின் கடலோரப் பகுதி சிதைந்தது. 'கடற்கரையில் மரத்தைப் போட்டால் இப்படித்தான்' என எள்ளியோரும் உண்டு. யாம் அவர்களோடு உடன்படவில்லை. வெள்ளத்தில் நெடுஞ்சாலை அரிக்கப்பட்டால், இனிச் சாலையே வேண்டாம் என எவரேனும் கூறுகின்றனரா? செப்பனிடுகின்றோம். அவ்வழியும் செப்பனிடப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. திறப்பதோடு கடமை முடியாது. ஒவ்வோர் ஆண்டும் மணலை அகற்றவும் பலகையை மாற்றவும் பொருள் ஒதுக்க வேண்டும் என்பதனைப் புயல் கற்பித்தது. கூட்டம் மிகுந்த மாலைகளில் நடக்க வல்லோர் அவ்வழியை அடைத்துக்கொண்டு நிற்பது பிறிதொரு தொல்லை. அதனைப் பொறியாளர் தீர்க்க முடியாது. நாம்தாம் தீர்க்க வேண்டும்.

'கடற்கரை சமதளம், மலையை என்ன செய்வீர்?' என்று கேட்கலாம். எல்லா மலையையும் சாய்தளம் ஆக்க இயலாது, ஆக்கவும் வேண்டா. அமெரிக்க நாட்டில் 2013 ஆம் ஆண்டு, நடுவணரசின் நிலங்களிலுள்ள நடைவழிகளுக்கென விதிகள் வகுத்தனர். வழி மூன்றடி அகலமேனும் இருத்தல் வேண்டும். 20-க்கு 1 என்னும் சாய்வு எவ்வளவு நீளமும் செல்லலாம். 12-க்கு 1 எனில் 200 அடி வரை. 10-க்கு 1 எனில் 30 அடி வரை. 8-க்கு 1 எனில் 10 அடி மட்டுமே. நிலத்தின் இயல்பு இடம் கொடாத இடங்களில் விலக்கும் உண்டு. எம் உள்ளத்தைக் கவர்ந்த விதி வேறொன்று. வழியின் தொடக்கத்தில் ஒரு பலகை வைத்து, அதன் நீளம், தரையின் தன்மை, அகலம், சாய்வு ஆகியவற்றை எழுத வேண்டும் என்பது அது. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்திலும் வேலிகளைக் கடக்கும் ஏறுபடிகள் இல்லாத நடைவழிகளைத் தேர்ந்து, 'அனைவர்க்கும்', 'பலர்க்கும்', 'சிலர்க்கும்' என வகைப்படுத்தியுள்ளனர்.

இதன் நுட்பத்தை நோக்குங்கள். 'இவரால் இயலாது' என்று வாயிலில் நிற்பவர் முடிவு செய்வது ஒரு முறை. அளவைக் கூறிவிட்டு, செல்ல விரும்புபவரே தம் வலிமையை எண்ணி முடிவு செய்ய விடுவது மற்றொரு முறை. வலிய கைகளை உடைய இளைஞர் 10-க்கு 1 சாய்விலும் ஏறிவிடுவார். முதியவர் பாதியில் திரும்புவார். இருவர்க்கும் வேண்டுவது உண்மையான செய்தியே.

பழனி மலையில் 693 படிகள் உள்ளன. அங்கேயே யானைப்பாதை என்று ஒன்றும் உண்டு. செங்குத்தான படிகளில் யானை ஏறுவது கடினம் எனக் கண்டு, மலையைச் சுற்றி வளைத்து மெல்ல ஏறுமாறு அமைத்த வழி அது. இன்று மூச்சு வாங்கும் முதியோர் பலரும் அதனையே நாடுகின்றனர். யானையின் காலுக்கு இரங்கி வழி கண்ட அறிவு நம்மிடம் முன்னமே இருந்திருக்கிறது. பிரெஞ்சு நாட்டு மலைவழிகாட்டி ஜோயல் கிளாடல் என்பார், தசைநோயுற்ற தம் உறவினர் சிறுவனையும் மலைக்கு அழைத்துச் செல்ல, 1987 ஆம் ஆண்டு ஒற்றைச் சக்கர நாற்காலி ஒன்றை உருவாக்கினார். முன்னே ஒருவர் இழுக்கப் பின்னே ஒருவர் தாங்கிச் செல்வர். நம் டோலியினின்று அது வேறுபட்டது. பாரத்தைச் சக்கரம் ஏற்கிறது, தோள் ஏற்பதில்லை.

'மருத்துவமனைக்கும் பள்ளிக்குமே வழியில்லாதபோது கடற்கரைக்கும் மலைக்கும் வழி எதற்கு?' என்பது எளிதில் தள்ளத்தக்க வினா அன்று. பணம் குறைவாக இருக்கும்போது முதலில் மருத்துவமனைக்கே செலவிடல் வேண்டும் என்பதில் எமக்கு மாறுபாடு இல்லை. ஆனால் ஒன்றைக் கேட்கின்றோம். நடக்க வல்லோர்க்கு நடைவழியும் பூங்காவும் அமைக்கும்போது இவ்வினாவை எவரும் எழுப்புவதில்லையே? புதிதாக அமைக்கும் வழியில் படிக்கு மாற்றாகச் சாய்வு அமைப்பது பெருஞ்செலவன்று. கட்டியபின் இடித்துத் திருத்துவதே செலவு. நோயுற்றபோதும் தேர்வெழுதும்போதும் மட்டும் வெளியே வரலாம் என ஒருவர்க்கு விதிப்பது வாழ்வாகாது.

சட்டமும் அவ்வாறே கூறுகிறது. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொழுதுபோக்கிலும் பண்பாட்டு வாழ்விலும் பிறரோடு சமமாகப் பங்குகொள்ளும் உரிமையைக் காக்குமாறு அரசையும் உள்ளாட்சிகளையும் பணிக்கிறது. பார்வைக் குறைபாடுடைய ராஜீவ் ரதூரி 2005 ஆம் ஆண்டு தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்தது. அணுகுதற்குரிய அளவுகளை வெறும் அறிவுரைகளாக விட்டுவைத்த விதி அச்சட்டத்திற்கு முரணானது என்றும், கட்டாயமான அளவுகளை மூன்று மாதங்களுக்குள் வகுத்தல் வேண்டும் என்றும் கூறியது. தம் ஊரில் பூங்காவோ ஏரிக்கரை நடைபாதையோ அமையும்போது, ஊராட்சியினரிடம் இத்தீர்ப்பைச் சொல்லிக் கேட்பதற்கு உங்களுள் எவர்க்கும் உரிமை உண்டு. வரைபடம் இறுதியாகும் முன்னரே கேட்க வேண்டும். அவ்வூர் மாற்றுத்திறனாளிகளையும் உடனிருத்திக் கேட்க வேண்டும்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேலை தருகின்றோம். நான்கடி நீளமுள்ள நேரான பலகை ஒன்றும், கொத்தனாரிடம் ஒரு ரசமட்டமும் அளவுநாடாவும் பெற்றுக்கொள்ளுங்கள். சாய்வின் மேல் பலகையை வைத்து, ரசமட்டத்தின் குமிழ் நடுவில் நிற்குமாறு பலகையின் தாழ்ந்த முனையை உயர்த்துங்கள். அம்முனைக்கும் தரைக்கும் இடையே 4 அங்குலம் இருந்தால் சாய்வு 12-க்கு 1. ஏறத்தாழ இரண்டரை அங்குலம் இருந்தால் 20-க்கு 1. ஆறு அங்குலத்திற்கு மேல் இருந்தால் அவ்விடத்தைச் சிவப்பு மையால் குறியுங்கள். வாயில்களின் அகலத்தையும் எழுதுங்கள். சங்கம் மாணவர்களை ஆண்டுதோறும் சுற்றுலா அழைத்துச் செல்கிறது. இவ்வாண்டு செல்லவிருக்கும் இடத்தை இரு வாரம் முன்னதாகவே சென்று அளந்துவிட்டு, அதன் பின் பெயர்ப்பட்டியல் எழுதுவோம். பலகையை நீங்கள் எடுத்து வாருங்கள்; அளவுநாடாவும் ரசமட்டமும் எம் பொறுப்பு.