"தமிழ்" எனும் சொல்லுக்கு எத்தனை எழுத்து?

(திருவண்ணாமலையில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



இவ்வூர்ப் பெருங்கோயிற் சுவர்களில் சோழர் காலந்தொட்டுப் பொறித்த கல்வெட்டுகள் உள. அவற்றைப் பொறித்த கை தமிழ்க்கை. இன்றோ எழுத்துகள் கணிப்பொறியின் தரவுத்தளத்தில் பொறிக்கப்பெறுகின்றன. அங்குப் பொறிக்கும் கை யாருடையது?

"தமிழ்" எனும் சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்பான் பள்ளிச் சிறுவன். பைத்தான் எனும் நிரல்மொழியைக் கேளுங்கள், 5 என்னும். பிஎச்பி மொழியின் பொதுவான அளவைக் கட்டளையோ 15 என்னும். ஏன்? ஒருங்குறியில் இகரக் கொக்கிக்கும் மெய்ப்புள்ளிக்கும் தனித்தனிக் குறியெண்கள், ஆகவே ஐந்து. ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளை அடைப்பதால் பதினைந்து.

அகரவரிசையிலும் இக்கேடே! குறியெண் வழியே அடுக்கினால் னகரம் பகரத்திற்கு முன்னும், வகரம் ழகரத்திற்குப் பின்னும் நிற்கும்; 'க்' எனும் மெய் 'கௌ'வுக்கும் பின் தள்ளப்படும். இவ்வாறு அடுக்கிய அகரமுதலி என்னாகும்?

இதனைத் திருத்த எளிய கருவிகள் குறுநிரல் மொழிகளே. 1987-இல் பெர்ல், 1991-இல் பைத்தான், 1995-இல் பிஎச்பி வெளிவந்தன. எழுதிய வரியைத் தனியே தொகுக்காமல் உடனே இயக்கிப் பார்க்கலாம். சொற்களை வெட்டவும் ஒட்டவும் தேடவும் கருவிகள் அவற்றிலேயே உள. தரவுத்தளத்தை வினவி, விடையை வலைப்பக்கமாக்கச் சில வரிகள் போதும். விலையும் இல்லை. விரைவில் அவை சி மொழிக்குப் பிற்பட்டவை என்பர், மெய்தான். ஆயினும் வலைத்தளத்தில் காத்திருப்பு பெரும்பாலும் தரவுத்தளத்திற்கும் இணைப்பிற்குமே. 2003-இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியா இயங்குவதும் பிஎச்பியில் எழுதிய மென்பொருளில்தான்.

நம்மவரும் வாளாவிருக்கவில்லை. பைத்தானில் தமிழர் ஆக்கிய 'ஓப்பன்-தமிழ்' நிரலகம், சார்ந்த குறியை மெய்யோடு சேர்த்தெண்ணி, "தமிழ்" மூன்றெழுத்தே எனக் காட்டுகிறது. முத்து அண்ணாமலை பைத்தானின் மேல் படைத்த 'எழில்' மொழியிலோ கட்டளைகளே தமிழ்ச்சொற்கள்: பதிப்பி, ஆனால், இல்லை, முடி!

இளைஞர்காள்! பொறி தமிழைப் பிழையாக எண்ணுவது பொறியின் குற்றமன்று. அதற்கு நம் எழுத்திலக்கணத்தைச் சொல்லிக்கொடாத நம் குற்றமே. மேடையில் தமிழ் வாழ்க என்பது எளிது. வீடு திரும்பிப் பத்து வரி நிரல் எழுதுங்கள். 'க்' முதல் 'ன' வரை முறையாக அடுக்கிக் காட்டுங்கள். அதுவே இன்றைய தமிழ்த்தொண்டு!