எட்டு பேர், ஒரே கார்: ஆப்புக்கு முன்னாடி எழுத வேண்டியது

இன்னைக்கு கார் ஷேரிங் பற்றிப் பேசலாம். கால் டாக்ஸி இல்லை, கார்பூலும் இல்லை. அக்கம்பக்கத்துல இருக்கிற சிலர் சேர்ந்து ஒரு கார் வைத்துக்கொள்வது. தேவைப்படுறவங்க புக் பண்ணி, தாங்களே ஓட்டிட்டுப் போய், திரும்பக் கொண்டுவந்து நிறுத்தணும்.

இதைச் சொன்னதுமே என்னை மாதிரி சாஃப்ட்வேர் ஆளுங்க, "ஒரு ஆப் போட்டுரலாம்"னு லேப்டாப்பைத் திறந்துடுவோம். ஆனால் ஆப் இதுல கடைசி வேலை. சுவிட்சர்லாந்தில் ஸ்டான்ஸ் என்ற சின்ன ஊரில், 1987-ல் எட்டு பேர் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார்கள். எட்டு பேருக்கும் ஒரே கார். அப்போ ஸ்மார்ட்போனே கிடையாது! அதே வருஷம் சூரிக்கிலும் இன்னொரு சங்கம் தொடங்கியது. 1997-ல் இரண்டும் இணைந்து 'மொபிலிட்டி' ஆனது. இன்னைக்கு அவங்ககிட்ட சுமார் 3,000 வண்டிகள் இருக்கு. இப்பவும் அது கூட்டுறவுதான்.

அப்போ முதல்ல எழுத வேண்டியது கோட் இல்லை, விதிமுறை.

கட்டணத்தையே எடுத்துக்கோங்க. மணிக்கணக்கில் மட்டும் வாங்கினால், நாள் பூரா நெடுஞ்சாலையில் ஓட்டுறவர் தேய்மானச் செலவை மற்றவங்க தலையில் கட்டிடுவார். கிலோமீட்டர் கணக்கில் மட்டும் வாங்கினால், பக்கத்துக் கல்யாண மண்டபத்துல காலையிலிருந்து ராத்திரி வரை நிறுத்தி வைக்கிறவருக்கு பத்து ரூபாய், இருபது ரூபாய்தான் ஆகும். மற்றவங்களுக்கோ அன்னைக்கு வண்டியே இல்லை. அதனாலதான் மொபிலிட்டி நேரத்துக்கும் தூரத்துக்கும் சேர்த்தே வாங்குது. அடுத்து சின்னச் சின்ன விஷயங்கள். பெட்ரோல் எவ்வளவு இருக்கும்போது திருப்பித் தரணும்? லேட்டா வந்தால் என்ன? கீறல் விழுந்தால் யார் செலவு? எடுக்கும்போதும் விடும்போதும் நாலு பக்கமும் போட்டோ எடுத்துட்டா பாதிச் சண்டை இல்லை.

சரி, இதை அப்படியே ஒரு சென்னை அபார்ட்மென்ட்ல செய்யலாமா? இங்கதான் சிக்கல். வெள்ளை நம்பர் பிளேட் வண்டியை வாடகைக்கு விட முடியாது. நாமே ஓட்டுற வாடகை வண்டிக்குக் கறுப்பு பிளேட், மஞ்சள் எழுத்து. அதற்கான 1989-ம் வருஷத்து 'ரென்ட்-எ-கேப்' திட்டம், லைசென்ஸ் கேட்கிறவரிடம் குறைந்தது 50 வண்டி இருக்கணும்னு சொல்லுது. ஸ்டான்ஸ்ல எட்டு பேர் ஒரு காரில் ஆரம்பிச்ச மாதிரி இங்க ஆரம்பிக்க இந்தத் திட்டத்துல வழியே இல்லை.

"வாடகை இல்லைப்பா, செலவைத்தானே பகிர்ந்துக்கிறோம்"னு நீங்க சொல்லலாம். ஆனால் தனியார் கார் பாலிசி, வாடகைக்கு ஓடுற வண்டிக்குப் பொருந்தாது. விபத்து நடந்து, "இது வாடகைதான்"னு இன்சூரன்ஸ் கம்பெனி வாதாடினால்? தீர்ப்பாயம் அடிபட்டவருக்குப் பணத்தைக் கொடுக்கச் சொல்லிட்டு, அதை வண்டி ஓனரிடம் வசூலிச்சுக்கோன்னு கம்பெனிக்கு உத்தரவு போடலாம். அன்னைக்கு ஸ்டியரிங் பிடிச்சது பக்கத்து ஃபிளாட்காரரா இருக்கலாம். ஆனால் கேள்வி ஆர்.சி.யில் பேர் இருக்கிறவரிடம்தான் வரும். எட்டு பேர் வசதிக்கு ஒருத்தர் வீட்டை அடகு வைக்கிற மாதிரி ஆகிடக்கூடாது இல்லையா?

அதனால, வாட்ஸ்அப் குரூப் தொடங்கும் முன் ஒரு வேலை செய்யுங்க. உங்க திட்டத்தை அப்படியே எழுதி, "இதுக்கு பாலிசி செல்லுமா?"ன்னு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் போடுங்க. போன்ல சொல்ற பதில் போதாது, எழுத்துல வாங்குங்க. அந்தப் பதில் கைக்கு வந்த பிறகு ஆப் பற்றிப் பேசலாம். அடுத்த எபிசோடில் சந்திப்போம்!