உழைப்பவரே உடையவர்



உடைமை யாவும் பொதுவாக இருக்கும் நாடு ஒன்றை மனிதன் நெடுங்காலமாகவே கற்பனை செய்து வந்திருக்கிறான். ஆங்கில நாட்டு அறிஞர் தாமஸ் மோர் 1516-ஆம் ஆண்டில் இலத்தீன் மொழியில் வெளியிட்ட ‘யுடோப்பியா’ என்னும் நூலில் அத்தகைய தீவு ஒன்றைக் காண்கிறோம். அத்தீவினர் தமக்குள் பணம் புழங்குவதில்லை. நாள்தோறும் ஆறு மணி நேரம் உழைக்கின்றனர். அவர்கள் விளைத்தனவும் செய்தனவும் பொதுப் பண்டசாலைக்குச் செல்கின்றன. வேண்டுவோர் வேண்டியவற்றை அங்கிருந்து பெற்றுக்கொள்கின்றனர்.

கேட்பதற்கு இனிய கதைதான். ஆயினும், அந்நூலிலேயே இதற்கு ஒரு தடையும் எழுப்பப்படுகிறது. தனக்கென ஓர் ஆதாயம் இல்லையானால் மனிதன் எதற்காக உழைப்பான்? பிறர் உழைப்பை நம்பித் தான் சோம்பியிருக்க மாட்டானா? இவ்வினாவுக்குக் கற்பனையில் விடை கூறுதல் எளிது. நடைமுறையில் விடை தேடிய இருவர் முயற்சிகளை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலாவது, இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் நடந்தது. 1844-ஆம் ஆண்டில் அவ்வூர்த் தொழிலாளர் தாமே ஒரு கூட்டுறவுக் கடை திறந்தனர். பத்து ஆண்டுகள் கழித்து, 1854-இல், ஒரு பருத்தி ஆலையையும் தொடங்கினர். அவ்வாலையில் வேலை செய்தோருக்கு ஊதியத்தோடு இலாபத்திலும் ஒரு பகுதி கிடைத்தது. ஆனால், முதல் திரட்டும் பொருட்டுப் பங்குகளை வெளியாருக்கும் விற்றார்கள். பங்கு வாங்கியோர் பெருகினர். 1862-இல் அவர்கள் தம் வாக்கு வலிமையால் தொழிலாளர்க்குரிய இலாபப் பங்கை நிறுத்திவிட்டனர். இதில் சூழ்ச்சி ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. விற்கக்கூடிய பங்கோடு ஆளும் உரிமையும் சேர்ந்தே கைமாறியது, அவ்வளவுதான்.

இரண்டாவது முயற்சி ஸ்பெயின் நாட்டின் வடக்கே, பாஸ்க் மக்கள் வாழும் மலைப் பகுதியில் தோன்றியது. அம்மக்களிடையே ‘ஔசோலான்’ என்றொரு பழைய வழக்கம் உண்டு. அக்கம்பக்கத்தார் கூடிச் செய்யும் வேலை என்பது அச்சொல்லின் பொருள். பொது வழியைச் செப்பனிட வேண்டுமாயின், வீடுகள்தோறும் ஆட்கள் வந்து உழைப்பர். அதற்குக் கூலி இல்லை. ஆனால், வாராதவர் யார் என்பது ஊருக்கே தெரியும்! இவ்வழக்கம் ஒன்றே பிற்காலக் கூட்டுறவை ஈன்றது என்று கூறினால் அது மிகையாகும். அதற்கு இசைந்த மனப்பாங்கை வளர்த்தது என்று கூறினால் தவறாகாது.

உள்நாட்டுப் போர் ஓய்ந்து, வறுமை மிகுந்திருந்த காலத்தில், 1941-இல், மொண்ட்ராகான் என்னும் சிற்றூருக்கு அரிஸ்மெண்டியாரியேட்டா என்னும் இளம் பாதிரியார் வந்து சேர்ந்தார். அவர் முதலில் தொழிற்சாலை எதுவும் கட்டவில்லை. 1943-இல் ஒரு தொழிற்பள்ளியைத் தோற்றுவித்தார். அவரிடம் பயின்ற ஐவர் 1956-இல் மண்ணெண்ணெய் அடுப்புச் செய்யும் தொழிலகம் ஒன்றைத் தொடங்கினர். 1959-இல் அவர்களுக்கென ஒரு வங்கியும் எழுந்தது. மக்களின் சேமிப்பு புதிய தொழில்களுக்கு முதலாயிற்று.

இனி, அங்குள்ள ஏற்பாட்டைக் கவனியுங்கள். உறுப்பினராகும் தொழிலாளி ஒரு தொகையை முதலாகச் செலுத்துகிறார். ஆண்டு இலாபத்தில் அவருக்குரிய பகுதி அவர் பெயரிலுள்ள கணக்கில் சேர்கிறது. விலகும்போது அதனைப் பெறலாம். ஆயின், தம் இடத்தை வெளியார்க்கு விற்க இயலாது. எவ்வளவு முதல் சேர்ந்திருப்பினும் ஒருவருக்கு ஒரு வாக்குத்தான். உறுப்பினர் பேரவை ஆட்சிக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறது. குழு மேலாளரை நியமிக்கிறது. மிகக் குறைந்த ஊதியத்தைப் போல் மூன்று மடங்குக்கு மேல் எவரும் பெறலாகாது என்பது தொடக்ககால விதி. பின்னாளில் அது ஆறு மடங்கு வரை விரிந்தது. ராச்டேல் ஆலையில் திறந்து கிடந்த வாயில் இங்கே அடைக்கப்பட்டிருப்பது உங்களுக்குப் புலனாகும்.

இன்று அக்கூட்டமைப்பில் ஏறத்தாழ 70,000 பேர் பணிபுரிகின்றனர். எனினும், அவர்கள் எல்லோரும் உறுப்பினர் அல்லர். வெளிநாடுகளில் உள்ள கிளை ஆலைகளின் தொழிலாளர் பெரும்பாலும் கூலி பெறுவோராகவே இருக்கின்றனர். உழைப்பவரே உடையவர் என்னும் கொள்கை நாட்டின் எல்லையோடு நின்றுவிடலாமா என்னும் கேள்வி அங்கே இன்னும் தீரவில்லை.

அதனினும் கடிய சோதனை 2013-இல் வந்தது. அந்த அடுப்புத் தொழிலகத்தின் வழிவந்ததும், குளிர்ப்பெட்டி, சலவை இயந்திரம் முதலியவற்றைச் செய்ததுமான ஃபாகோர் நிறுவனம் கடன் சுமையால் வீழ்ந்தது. ஸ்பெயினில் வீடு கட்டுவது குன்றியபோது வீட்டுப் பொருள்களின் விற்பனையும் குன்றியிருந்தது. ஏனைய கூட்டுறவுகள் பொருளுதவி செய்தன. இனியும் கொடுத்தால் தாமும் மூழ்க நேரும் என்ற நிலையில் கையை மடக்கிக்கொண்டன. உறுப்பினர் தாம் இட்ட முதலை இழந்தனர். ஆயினும், அவர்களுள் பலருக்குப் பிற கூட்டுறவுகள் வேலை அளித்தன. சேமிப்பு போயிற்று, பிழைப்பு போகவில்லை.

பொதுவுடைமையின் உண்மையான உரைகல் இந்நிகழ்ச்சியே என்று நான் கருதுகிறேன். இலாபத்தைப் பங்கிடுவதற்கு எவரும் இசைவர். நட்டத்தை யார், எவ்வளவு, எதுவரையில் தாங்குவது என்பதை முன்னரே பேசி வைத்துக்கொள்ளாத கூட்டு, முதல் புயலிலேயே சிதறிவிடும். மோர் நூலில் எழுந்த வினாவுக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. தன் வாக்கும் தன் பொருளும் தன் அண்டை வீட்டாரின் வாழ்வும் ஒரே கணக்கேட்டில் எழுதப்பட்டிருப்பதைக் காண்பவன் எளிதில் சோம்பியிரான்.

உங்கள் கல்லூரியிலோ ஊரிலோ கூட்டுறவுப் பண்டகசாலை இருக்குமாயின், அதன் துணைவிதிகளை ஒருமுறை கேட்டு வாங்கிப் படியுங்கள். வாக்கு யாருக்கு, இலாபம் யாருக்கு, நட்டம் யார் தலையில் என்னும் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, அதன் அடுத்த பேரவைக் கூட்டத்துக்கு எத்தனை உறுப்பினர் வருகின்றனர் என்றும் எண்ணிப் பாருங்கள்.