பணத்துக்கு வாய், மக்களுக்குப் பூட்டு



கெடாவின் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் வாழும் உங்களுக்குத் தேர்தல் காலம் எப்படியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஐந்தாண்டாய்க் குழி விழுந்து கிடந்த சாலைக்குத் தார் வரும். லயத்து வாசலில் அரிசி மூட்டை இறங்கும். கோயிலுக்குக் காசோலை வரும். இதைச் சட்டம் தடுக்காதா என்று கேட்கிறீர்கள்.

1954-ஆம் ஆண்டு தேர்தல் குற்றச் சட்டத்தின்படி, ஒரு வேட்பாளர் நாடாளுமன்றத் தொகுதியில் 200,000 ரிங்கிட்டும் சட்டமன்றத் தொகுதியில் 100,000 ரிங்கிட்டும்தான் செலவு செய்யலாம். ஆனால் அது வேட்பாளருக்கு மட்டுமே. அவருடைய கட்சி கொட்டும் பணத்துக்கு அதில் வரம்பு இல்லை. 2015-இல் அன்றைய பிரதமர் நஜிப்பின் சொந்த வங்கிக் கணக்கில் 260 கோடி ரிங்கிட் வந்தது அம்பலமானபோது, அது 'நன்கொடை' என்றே விளக்கம் தரப்பட்டது.

பணம் இப்படித் தாராளமாகப் பேசுகிறது. மக்களின் பேச்சு? 2009 ஏப்ரல் 7-இல் நடந்த புக்கிட் செலம்பாவ் இடைத்தேர்தலை நினைத்துப் பாருங்கள். 15 பேர் போட்டியிட்டார்கள். அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான், மார்ச் மாதத்தில், எதிர்க்கட்சிப் பத்திரிகைகளான ஹராக்காவையும் சுவாரா கெஅடிலானையும் உள்துறை அமைச்சு மூன்று மாதங்களுக்கு முடக்கியது. ஏப்ரல் 3-இல் நஜிப் பிரதமரானதும் தடையை நீக்கினார். இசா கைதிகள் 13 பேரின் விடுதலையையும் அன்றே அறிவித்தார். அவர்களில் இருவர் ஹிண்ட்ராஃப் வழக்கறிஞர்கள். நாம் மகிழ்ந்தோம். ஆனால் பூட்டுவதும் திறப்பதும் ஆட்சியாளரின் விருப்பம் என்றால், அதற்குப் பெயர் உரிமையல்ல, சலுகை.

செலவுக்கு வரம்பு வைப்பது பேச்சுரிமையைப் பறிப்பதாகும் என்று வாதிடுவோர் உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976-இல் அப்படித்தான் தீர்ப்பளித்தது. ஆனால் இந்திய உச்ச நீதிமன்றம், கட்சிக்குப் பணம் கொடுப்பவர் யார் என்பதை அறிவது வாக்காளரின் உரிமை என்று கூறி, 2024 பிப்ரவரியில் தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்தது. நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது வழி. நன்கொடைக் கணக்கு வெளியே வரவேண்டும். கட்சிச் செலவும் வரம்புக்குள் வரவேண்டும். பத்திரிகையை முடக்கும் அதிகாரம் அமைச்சரிடம் இருக்கக்கூடாது.

சட்டம் வரும்வரை கைகட்டி நிற்க வேண்டுமா? வேண்டாம். 2018 பொதுத்தேர்தலில் கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியில் பெற்ற வெற்றியை, பூர்வகுடி வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டதற்காக, அதே ஆண்டு நவம்பர் 30-இல் தேர்தல் நீதிமன்றம் ரத்து செய்தது. சாட்சி சொல்ல ஆள் இருந்ததால்தான் அது நடந்தது.

அத்தகைய மனுவைத் தோற்ற வேட்பாளர் மட்டுமல்ல, அந்தத் தொகுதியின் வாக்காளரும் தாக்கல் செய்யலாம். முடிவு அரசிதழில் வெளிவந்த 21 நாட்களுக்குள் செய்யவேண்டும். ஒன்றை மறவாதீர்கள்: வாக்குக்காகப் பணம் கொடுப்பவர் மட்டுமல்ல, வாங்குபவரும் சட்டத்தின் முன் குற்றவாளியே.

ஆகவே அடுத்த முறை மூட்டை இறங்கும்போது, தேதியையும் இடத்தையும் கொடுத்தவர் பெயரையும் எழுதி வையுங்கள். ஒரு மூட்டை அரிசி ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். நாம் போட்ட வாக்கு ஐந்தாண்டு ஆளும்.